சாம்பிள் ரத்தினத்தின் பையன்

எங்கள் கம்பெனியில் ரத்தினசாமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சாம்பிள் ரத்தினம் என்றால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்கூட மாடியைக் கை காட்டுவார். ஐம்பதாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரே ஒரு டி-ஷர்ட் தைத்து துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு அனுப்ப வேண்டும். அவன் அதை அளந்து, இழுத்து, துவைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால்தான் ஆர்டர். அந்த ஒன்றைத் தைக்கிறவர்தான் ரத்தினம்.

நான் ரோஸ்மேரி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கீழே செக்கிங்கில் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் காலத்தில் ரத்தினத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாம்பிளுக்கென்று அவர் பத்து ரோலில் தேடித் துணி எடுப்பார். துவைத்தால் சுருங்கும் என்று முதலிலேயே துவைத்துச் சுருக்கிவிட்டு அப்புறம்தான் வெட்டுவார். ஒரு நூல் பிசிறு இருக்காது. பையர் அதைப் பார்த்து மயங்கி ஆர்டரைக் கொடுப்பான். பல்க், அதாவது மொத்த ஆர்டர், ஓடும்போது கழுத்து கோணும், கை நீளும். பையருடைய ஆள் வந்து அந்தச் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைத்தான் ஏசுவான்.

"நீங்க தைக்கது சாம்பிள் இல்ல தம்பி, பொய்யி" என்று ஒரு நாள் மூஞ்சிக்கு நேரே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ஏனுங்கக்கா, பொண்ணு பாக்க வாரப்ப ஊட்டைக் கூட்டிக் கோலம் போட்டு வெக்கறதில்லீங்களா? அப்படித்தானுங்க இதுவும்" என்றார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு மேலும் எரிந்தது.

இத்தனைக்கும் கொங்கு நகரில் ஒரே காம்பவுண்டில்தான் குடியிருந்தோம். அவருடைய ஆட்கள் தலைமுறையாகத் தறி நெய்தவர்கள், முருகன் என்றால் உயிர். மனைவி சத்யப்பிரியா சேவூர்க்காரி, அவருக்கு மாமன் மகள்தான். ஒரே பையன் குணா. மூன்றாம் வகுப்புப் படித்தான், ஆறாம் வகுப்புப் பையன் உயரம் இருந்தான். கை கால் விரலெல்லாம் நீள நீளமாக இருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்து, "ரோஸத்தை, என்ன இருக்குதுங்க?" என்று அடுப்படியில் நிற்பான். எனக்குப் பிள்ளை கிடையாது. அவனுக்கென்று தினமும் ஒரு முட்டை அவித்து வைப்பேன். அப்பன் மேல் கோபமிருந்தால் பையன் மேலும் இருக்க வேண்டுமா என்ன.

2005 மார்ச் மாதம் அவனுக்குப் பார்வை திடீரென்று மங்கியது. கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பிடிப்பு விட்டுக் கீழே நழுவியிருக்கிறது என்றார்கள். எட்டு வயசுப் பையனுக்கு இது சும்மா வராது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார்கள். சத்யப்பிரியாவுக்குக் கை கால் ஓடவில்லை. "அக்கா, நீங்களும் வாங்க" என்று அழுதாள். அதனால்தான் நானும் போனேன், டாக்டர் சொன்னதையெல்லாம் என் காதால் கேட்டேன்.

டாக்டர் அனுசுயா நிதானமான மனுஷி. குணாவை வெளியே மீன் தொட்டி பார்க்க அனுப்பிவிட்டுச் சொன்னார்.

"பருப்பு, பால், முட்டை, கறி எல்லாத்துலயும் ஒரு சத்து இருக்கு. அது உடம்புல உடைஞ்சு வேற ஒண்ணா மாறணும். அதை மாத்துற என்சைம் குணாவுக்கு வேலை செய்யலை. பாதியில நின்னது ரத்தத்துல தேங்குது. பதினஞ்சுக்குள்ள இருக்கணும், இவனுக்கு இருநூத்தி முப்பத்தெட்டு இருக்கு."

"அது கண்ணுக்கு மட்டுந்தானுங்களா டாக்டர்?" என்றார் ரத்தினம்.

"இல்லை. ரத்தம் உறைஞ்சு கட்டியாகலாம். காலுல ஆகலாம், மூளையில ஆகலாம். எப்ப ஆகும்னு சொல்ல முடியாது. அதனாலதான் சீக்கிரம் குறைக்கணும்."

சத்யப்பிரியா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அந்த என்சைமை எப்படிச் செய்வது என்று உடம்புக்குள் ஒரு குறிப்பு இருக்கிறதாம், அதுதான் ஜீன். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இவர்கள் இரண்டு பேரிடமும் நல்லது ஒன்று, பிசகானது ஒன்று இருந்திருக்க வேண்டும். நல்லதை வைத்து இவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பையனுக்குப் பிசகானது இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. சொந்தத்தில் கட்டினால் அப்படிச் சேர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர்.

ரத்தினம் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப தைச்சதுல தப்பில்லீங்க. பேட்டர்ன்லயே தப்புங்க" என்றார்.

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. "ஆமா, அப்படியே வெச்சுக்கலாம். ஆனா எல்லாத் தப்பும் ஒரே மாதிரி கிடையாது. சில தப்புல அந்த என்சைமுக்குக் கொஞ்சம் உசிரு இருக்கும். பி-சிக்ஸ் வைட்டமின் மாத்திரையை அதிகமாக் கொடுத்தா எந்திரிச்சு வேலை செய்யும். சில தப்புல எவ்வளவு கொடுத்தாலும் எந்திரிக்காது. ஆறு வாரம் மாத்திரை கொடுத்துட்டு மறுபடி ரத்தம் பார்ப்போம். அம்பதுக்குக் கீழே வந்துட்டா மாத்திரையே போதும்."

"வரலீன்னாங்க?"

"வரலைன்னா ஆயுசுக்கும் பத்தியம். முட்டை, பால், தயிர், பருப்பு, கறி, கடலை எதுவும் கூடாது. வெளிநாட்டுல இருந்து வர்ற ஒரு மாவைக் கரைச்சுக் குடிக்கணும். அரிசிகூட அளந்துதான். அதை அப்புறம் பேசுவோம். இந்த ஆறு வாரமும் எப்பவும் போலச் சாப்பிடட்டும், எதையும் மாத்தாதீங்க. அப்பத்தான் மாத்திரை கேக்குதா இல்லையான்னு தெரியும்."

பிசகு எந்த இடத்தில் என்று பார்க்க மூன்று பேர் ரத்தத்தையும் வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்போவதாகவும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்.

எதையும் மாற்றாதீர்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரத்தினத்தின் மனசில் நின்றது வேறு. முட்டை, பால், தயிர், பருப்பு, கறி, கடலை. அளவுச் சீட்டை ஒரு தடவை பார்த்தால் மறக்காத ஆள் அவர்.

மாத்திரை ஆரம்பித்தது. அந்த ஆறு வாரமும் காம்பவுண்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. குணா தலை வலிக்கிறது என்றால் சத்யப்பிரியா ஓடி வருவாள். கால் வலிக்கிறது என்றால் நான் கெண்டைக்காலைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன், வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று. அவன் பந்து விளையாடிவிட்டு வந்திருப்பான். மாத்திரை கேட்டுவிட வேண்டும் என்று நான் புனித கேத்தரின் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினேன். கடைசிப் பதினைந்து நாள் சிவன்மலை முருகனுக்கு விரதம் என்று ரத்தினம் சொன்னார். தனக்கும் பையனுக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டாராம். வெறும் சோறு, பருப்பில்லாத ரசம், மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம். பையன் வாடித்தான் போனான். சாமி காரியத்தில் நான் வேறு மதத்துக்காரி என்ன சொல்வது என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான், அதற்கும் சேர்த்துப் பின்னால் அனுபவித்தேன்.

ரிசல்ட் நாற்பத்து நான்கு.

டாக்டருக்கே ஆச்சரியம். ரத்தினம் காம்பவுண்டு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். "பாஸாயிட்டானுங்கக்கா, எம் பையன் பாஸாயிட்டான்" என்று என் வாசலில் நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலமே குணாவுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவன் தின்னாததே இல்லை. பால், தயிர், கோழி, கடலை மிட்டாய். மாத்திரை பார்த்துக்கொள்கிறது என்று நாங்கள் எல்லோரும் தைரியமாக இருந்தோம்.

செப்டம்பரில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். பையனைக் கூட்டி வரச் சொல்லவில்லை, சத்யப்பிரியாவுக்குக் காய்ச்சல். ரத்தினமும் நானும்தான் போனோம்.

"வெளிநாட்டுல இருந்து பதில் வந்திருக்கு. நான் நினைச்ச மாதிரிதான், ரெண்டு பக்கமும் ஒரே தப்பு. ஆனா ஒரு விஷயந்தான் புரியலை" என்றார் டாக்டர். "இதே தப்பு இருக்கிற பிள்ளைங்க இதுவரைக்கும் கொஞ்சப் பேரைப் பார்த்திருக்காங்க. மாத்திரை மட்டும் கொடுத்து யாருக்கும் இந்த அளவுக்குக் குறைஞ்சதில்லைன்னு எழுதியிருக்காங்க. குணாதான் முதல் ஆள். அடுத்த மாசம் டாக்டர்கள் கூட்டத்துல இதைச் சொல்லலாம்னு இருக்கேன். இதே மாதிரி வேற பிள்ளைங்க வந்தா நம்பி மாத்திரையைக் கொடுக்கலாம் பாருங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை ரத்தத்தைப் பார்த்துருவோம். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"பரீட்சை நடக்குதுங்க டாக்டர்" என்றார் ரத்தினம். "ஒரு இருபது நாள் டைம் குடுங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். காலாண்டுப் பரீட்சை முந்தின நாளே முடிந்துவிட்டது. குணா வினாத்தாளைக் கப்பல் செய்து என் வீட்டுத் தண்ணித் தொட்டியில்தான் விட்டான். அந்த முகமும் எனக்குத் தெரிந்த முகம்தான். பையருடைய ஆள் சாம்பிளையும் பல்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மாடிப்படியில் நின்று எட்டிப் பார்ப்பாரே, அதே முகம்.

சனிக்கிழமை குணா வந்தான். தட்டில் முட்டையை வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாங்கத்தை. டெஸ்ட் வருது. இன்னிலிருந்து முட்டை திங்கக் கூடாது. பாலும் கூடாது."

"யாரு சொன்னா?"

"அப்பாங்க. போன தடவையும் இப்படித்தான். முட்டை தின்னா பெயிலாயிருவேன். அம்மாகிட்டச் சொல்லக் கூடாது, விரதம்னுதான் சொல்லணும்."

உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை குறைத்ததா, பட்டினி குறைத்ததா? மூன்று மாசமாக என் கையால் தினம் ஒரு முட்டை. சந்தோஷத்தில் சில நாள் இரண்டு. பையன் ரத்தத்தில் இப்போது என்ன இருக்கிறது, இருநூறா, முந்நூறா, யாருக்குத் தெரியும். அவன் கெண்டைக்காலைப் பார்த்தேன். அவன் கூச்சமாகக் காலை இழுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்ததும் மாடியேறிப் போனேன். சாம்பிள் ரூம் கதவைச் சாத்தினேன். ரத்தினம் ஒரு குழந்தைச் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"பையரை ஏமாத்துன சரி. முதலாளி சொன்னாரு, செஞ்ச. பெத்த பிள்ளையோட ரத்தத்தையுமா சாம்பிள் தைப்ப?" என்றேன். அவரை நான் ஒருமையில் பேசியது அன்றுதான்.

அவர் மிஷினை நிறுத்தினார். மறுக்கவில்லை.

"அன்னிக்கு டாக்டரம்மா பாஸ், பெயில்னு சொல்லலீங்க. எனக்கு அப்படித்தானுங்க காதுல உழுந்துச்சு. அம்பதுக்குக் கீழ வந்தா எம் பையன் எல்லாரு மாதிரியும் சோறு திம்பான். வரலீன்னா ஆயுசுக்கும் இல்லை. ஒரே ஒரு டெஸ்டுங்க. அதைத் தாண்டீட்டாப் போதும், அப்பறம் மாத்திரை பாத்துக்கும்னு நெனச்சனுங்க."

"மூணு மாசமா நெனச்சுக்கிட்டே இருந்தியா?"

"ஒரு நாளும் தூங்கலீங்கக்கா. அவன் தலைவலின்னு சொல்றப்பெல்லாம் எனக்கு உசுரு போய்ட்டு வந்துச்சு. சொன்னா, திருட்டுப்பயன்னு டாக்டரம்மா வெளிய அனுப்பிச்சுட்டாங்கன்னா? அதான் இந்த டெஸ்டையும் ஒருக்கா தாட்டி உட்டுட்டு, அப்பறமா மெதுவாப் பத்தியத்துல கொண்டுபோயிரலாம்னு..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குத. சோறும் அவனுக்கு அளவுதான்னா எங்க கொண்டு மறைப்ப?" என்றேன். கத்தக் கூடாது என்றுதான் போனேன், கத்திவிட்டேன். "அந்தம்மா கூட்டத்துல சொல்லப்போறாங்கல்லா. அப்ரூவல் ஆன சாம்பிளை வச்சுத்தான் பல்க் ஓட்டுவாங்க, உனக்குத் தெரியாதா? உம் பையன் நம்பரைப் பாத்து எத்தனை ஊருல எத்தனை பிள்ளைக்கு மாத்திரையை மட்டும் கொடுத்து முட்டை தின்னச் சொல்லுவாங்களோ."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. குழந்தைச் சட்டையை மடித்து மேஜை மேல் வைத்தார். வைத்துவிட்டு அதன் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே பையனையும் சத்யப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனோம். பஸ்ஸில் அவர் மனைவியிடம் சொன்னார். அவள் அவரை அடிப்பாள் என்று நினைத்தேன். "முருகன் பேரைச் சொல்லி எம் பையனைப் பட்டினி போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் அனுசுயா கேட்டு முடிக்கிறவரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டவில்லை. "ஏன் எதையும் மாத்தக் கூடாதுன்னு உங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது ரத்தினத்துக்கு.

பத்தியத்தில் இரண்டு நாள் போயிருந்ததால் ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட வைத்துவிட்டு, மாத்திரையோடு வரச் சொன்னார் டாக்டர். அந்த ஒரு வாரம் எங்களுக்கு ஒரு வருஷம். பையன் லேசில் தின்னவில்லை. ரத்தினமே முட்டையை உரித்து எடுத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தார்.

"தின்னு கண்ணு."

"பெயிலாயிருவன்ங்கப்பா."

"பரவால்லை, தின்னு கண்ணு. அப்பா தப்பாச் சொல்லீட்டன்."

அவன் அப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் கடித்தான். ரத்தினத்தின் கையிலிருந்து மஞ்சள் கரு நழுவிக் கீழே விழுந்தது. அவர் இன்னொன்று உரித்தார்.

ரிசல்ட் நூற்று ஐம்பத்திரண்டு. மாத்திரை அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறது. மாத்திரையும் வேண்டும், பத்தியமும் வேண்டும், ஆயுசுக்கும். மூன்று மாசம் கட்டி எதுவும் வராமல் இருந்தது பெரிய விஷயம் என்றார் டாக்டர். சத்யப்பிரியா அழுதாள். வெளியே மீன் தொட்டியருகே நின்ற குணா எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"நான் அப்பவே முட்டை வேண்டான்னு சொன்னன்லீங்கப்பா" என்றான்.

ரத்தினம் அவனைத் தூக்கிக்கொண்டார். தோள்வரை வளர்ந்த பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. ரத்தினம் இன்னும் சாம்பிள்தான் தைக்கிறார். திருந்தி வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. பையருடைய ஆள் இன்னும் என்னைத்தான் ஏசுகிறான். வீட்டில்தான் எல்லாம் மாறியது. துணியின் எடை பார்க்கிற பழைய தராசு ஒன்றைக் கம்பெனியில் கேட்டு வாங்கி அடுப்படியில் வைத்திருக்கிறார். கிராமில் புள்ளி வரைக்கும் காட்டும். குணாவின் சோறு, உருளைக்கிழங்கு, கீரை எல்லாம் அதில் ஏறி இறங்கித்தான் தட்டுக்குப் போகும். தின்பதையெல்லாம் பையனே ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்பது டாக்டரின் ஏற்பாடு. நம்பர் அறுபது, எழுபது என்று நிற்கிறது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வரும்போதும் ரிசல்ட் வரும்வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

போன மாதம் டெஸ்டுக்கு முந்தின சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். ரத்தினம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பேக்கரியில், எக் பப்ஸ் பாதி.

பென்சிலில்தான் எழுதியிருந்தது. மேஜை மேல் அழிரப்பரும் இருந்தது. குணா எதிரில் உட்கார்ந்து அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயசு.

ரத்தினத்தின் கை ரப்பருக்குப் பக்கத்தில் வெகு நேரம் இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, பையனுடைய எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதினார். எக் பப்ஸ் பாதி.

"நாளைக்கு நீயே டாக்டர்கிட்டக் குடு கண்ணு" என்று நோட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தார்.